கட்டிக்குள் இருக்கும் நெசவு: மார்பக எம்.ஆர்.ஐ.யில் டெக்ஸ்சர் அளந்து பார்த்த ஏழு மாதம்

சித்தியின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை இருந்தது: ஹெட்டெரோஜீனியஸ். கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிய பிறகு கட்டிக்குள் வெளிச்சம் ஒரே சீராக இல்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது என்று பொருள். வலது மார்பில் 14 மில்லிமீட்டர் கட்டி. பயாப்சி எடுத்து முடிவு வர 9 நாள் ஆனது. அந்த 9 நாளும் சித்தி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நீ அந்த மிஷின்லதானே வேல பாக்குற? திட்டுத் திட்டான்னா எவ்வளவு திட்டு? கொஞ்சமா, நெறயவா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் 11 வருடமாக ரேடியோகிராபராக இருக்கிறேன். அந்த வார்த்தை எத்தனையோ ரிப்போர்ட்டில் என் கண் முன்னால் போயிருக்கிறது. 'எவ்வளவு' என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. சித்தியின் கட்டி ஃபைப்ரோஅடினோமா, சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. மேட்டூர் திறந்த வாரத்தில் ஆரம்பித்து மார்கழி கடைசி வரை, வேலை முடிந்து வந்த இரவுகளில் அதன் பின்னால் போனேன். அந்தப் பயணத்தின் பதிவு இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எங்கள் சென்டர் நோயாளிகளின் படம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் சிகிச்சைக்காகக் கொடுத்த படத்தை என் ஆர்வத்துக்கு எடுக்க எனக்கு உரிமை கிடையாது. எல்லாமே ஆராய்ச்சிக்கென்று பெயர், அடையாளம் நீக்கிப் பொதுவில் வைக்கப்பட்டவை. இங்கே வரும் எண் எதையும் வைத்து யாரும் தன் கட்டியைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. பயாப்சி பயாப்சிதான்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது

மார்பக எம்.ஆர்.ஐ. என்றால் குப்புறப் படுக்க வேண்டும். மார்புக்கென்று குழி வைத்த தனி காயில் (சிக்னலை வாங்கும் சுருள்) உண்டு. முதலில் மருந்து இல்லாமல் ஒரு சுற்று படம். பிறகு கை நரம்பில் கடோலினியம் கலந்த மருந்து, உடல் எடைக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கணக்கில். பின்னாலேயே சலைன். உடனே அதே இடத்தை ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை என்று நாலைந்து சுற்று. அந்த ஏழெட்டு நிமிடமும் அசையக் கூடாது. மாதவிலக்கு வருகிறவர்களுக்கு, அவசரம் இல்லையென்றால், சுழற்சியின் இரண்டாவது வாரத்தில் வரச் சொல்வோம். மற்ற நாட்களில் சாதாரணத் திசுவே மருந்தை வாங்கி வெளிச்சமாகிக் கட்டியை மறைத்துவிடும்.

கட்டிக்குள் திட்டு எங்கிருந்து வருகிறது? புற்று வேகமாக வளரும்போது தனக்கென்று புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அவசரத்தில் போட்ட குழாய்கள் அவை. சுவர் ஒழுகும், ஓர் இடத்தில் நெருக்கமாகவும் இன்னோர் இடத்தில் அருகியும் இருக்கும். மருந்து அந்தக் கணக்கிலேதான் கசிகிறது. நடுவில் ரத்தம் எட்டாமல் திசு செத்துப்போனால் விளிம்பு மட்டும் வளையம் போல ஒளிரும். ஃபைப்ரோஅடினோமாவில் உள்ளே கறுப்புக் கோடுகளாக நார்த் தடுப்புகள் தெரிவதுண்டு. டாக்டர்கள் கண்ணால் பார்த்து, சீராக இருக்கிறது, சீராக இல்லை, வளையமாக இருக்கிறது, கறுப்புத் தடுப்பு இருக்கிறது என்று பை-ராட்ஸ் என்ற பொதுவான ரிப்போர்ட் முறைப்படி எழுதுகிறார்கள். டெக்ஸ்சர் என்றால் படத்தின் நெசவு. டெக்ஸ்சர் அனாலிசிஸ் அதே விஷயத்தை எண்ணாக எழுதப் பார்க்கிறது.

காகிதத்தில் ஒரு கணக்கு

இதன் வேர் 1973-இல் ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பின் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. எழுதியவர்கள் ஹராலிக், சண்முகம், டின்ஸ்டீன். நடுப் பெயரில் என் கண் கொஞ்ச நேரம் நின்றது. அவர்கள் எடுத்துக்கொண்டது உடம்பை அல்ல. மணற்பாறையின் நுண்ணோக்கிப் படம், விமானத்திலிருந்து எடுத்த நிலப் படம், செயற்கைக்கோள் படம். அவர்கள் கொடுத்த 14 அளவுகள் பிறகு மருத்துவப் படங்களுக்கு வந்தன. மார்பக எம்.ஆர்.ஐ.யில் 2003-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் கிப்ஸ், டர்ன்புல் இருவரும் இதைச் செய்து பார்த்தார்கள். 2007-இல் சிகாகோவில் சென், கிகர் குழு தனித்தனி ஸ்லைஸாக இல்லாமல் முழுக் கட்டியையும் கன அளவில் எடுத்து அளந்தது.

படிக்கும்போது எல்லாம் புரிந்தது போல இருந்தது. கையால் போடும் வரை உண்மையில் புரியவில்லை. தினசரி நாட்காட்டியின் கிழித்த தாளில் நாலுக்கு நாலு கட்டம் இரண்டு போட்டேன். 1 என்றால் கறுப்பு, 4 என்றால் வெளிச்சம்.

முதல் கட்டம்:
1 1 2 2
1 1 2 2
3 3 4 4
3 3 4 4

இரண்டாவது கட்டம்:
1 4 2 3
3 1 4 2
2 3 1 4
4 2 3 1

இரண்டிலும் 1, 2, 3, 4 ஒவ்வொன்றும் நாலு முறை. சராசரி இரண்டிலும் 2.5. எவ்வளவு விரவியிருக்கிறது என்ற கணக்கும் ஒன்றுதான். ஆனால் பார்த்தால் ஒன்றா? இல்லை. எனவே பக்கத்துப் பக்கத்து ஜோடிகளை எண்ண வேண்டும். இடமிருந்து வலமாக வரிக்கு 3 ஜோடி, மொத்தம் 12. ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் அதாலேயே பெருக்கி, கூட்டி, 12-ஆல் வகுத்தால் அதற்குப் பெயர் கான்ட்ராஸ்ட் (கான்ட்ராஸ்ட் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). முதல் கட்டத்தில் 4 ஜோடிக்கு மட்டும் 1 வித்தியாசம், மற்றதெல்லாம் பூஜ்யம். 4-ஐ 12-ஆல் வகுக்க 0.33. இரண்டாவதில் கூட்டுத்தொகை 54, வகுத்தால் 4.5. சரக்கு ஒன்று, எண் பதின்மூன்று மடங்குக்கு மேல். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் எத்தனை முறை வந்தது என்று எழுதும் பட்டியல்தான் ஜி.எல்.சி.எம். மற்ற அளவுகள் அதிலிருந்து பிறக்கின்றன.

எங்கள் வீடு திருபுவனத்தில். அப்பா பட்டுத் தறிக்காரர். அந்தக் காகிதத்தைக் காட்டியதும் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "அதே பாவு, அதே ஊடை, நெசவு வேற" என்றார்.

அடுத்த வேலை தறியிலேயே நடந்தது. கட்டிப் படத்துக்குப் போகும் முன், எனக்குத் தெரிந்த ஒன்றில் இந்த எண் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க ஆசை. வெற்று உடல் பகுதி, ஜரிகைப் புட்டா விழுந்த பகுதி, முந்தி, மூன்றையும் செல்போனில் எடுத்து இதே கணக்கில் ஓட்டினேன். புட்டாப் பகுதியின் கான்ட்ராஸ்ட் உயர்ந்தது, சரி. போனைக் குறுக்கே திருப்பி எடுத்தால் அதே துணிக்கு வேறு எண் வந்தது. பாவும் ஊடையும் ஒன்றல்லவே. கட்டிக்கு அப்படி ஒரு திசை கிடையாது, படுத்த விதத்தால் எண் மாறக் கூடாது. எனவே முப்பரிமாணத்தில் 13 திசைகளிலும் எண்ணிச் சராசரி எடுக்கிறார்கள். ஏன் 13 என்று அதுவரை யோசித்ததில்லை. ஒரு கனசதுரத்தைச் சுற்றி 26 அண்டை, எதிரெதிர்த் திசைகளை ஒன்றாகக் கொண்டால் 13.

சாயங்காலம் டியூப்லைட்டில் அதே புட்டாவை எடுத்தேன். எல்லா எண்ணும் மாறிவிட்டது. துணி மாறவில்லை, வெளிச்சம் மாறியது. அன்றைக்கு அதைச் சின்ன இடைஞ்சல் என்றுதான் நினைத்தேன். முழு வேலையும் அங்கேதான் இருந்தது.

படங்கள்

டிசிஐஏ என்ற பொதுக் களஞ்சியத்தில் டியூக் பல்கலைக்கழகம் வைத்த மார்பக எம்.ஆர்.ஐ. தொகுப்பு இருக்கிறது. 922 பேர். முழுசாக இறக்கினால் 300 ஜிபிக்கு மேல். எங்கள் தெரு இணையத்துக்கு அது நடக்காது. படங்களை இறக்கும் என்.பி.ஐ.ஏ. ரிட்ரீவர் மென்பொருளில் வேண்டியவர்களை மட்டும் குறித்து, மருந்துக்கு முந்திய சுற்றும் முதல் இரண்டு பிந்திய சுற்றும் மட்டும் எடுத்தேன். அதற்கே பத்து இரவு. நடுவில் மாதாந்திர மின்தடை நாள் வந்து ஒரு பகல் போனது.

இங்கே முதல் சறுக்கல். சாதாரணக் கட்டியா புற்றா என்று பிரிப்பதுதான் என் எண்ணம். சித்தியின் கேள்வி அதுதானே. 12 பேர் இறங்கிய பிறகுதான் விவரத் தாளை நிதானமாகப் படித்தேன். 922 பேருமே பயாப்சியில் உறுதியான ஊடுருவும் புற்று உள்ளவர்கள். சாதாரணக் கட்டிக்காரர்கள் கிடையாது. தாளை முதலில் படித்திருக்க வேண்டும்.

கேள்வியை மாற்றினேன். புற்றுக்குள்ளேயே வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பியும் இல்லாதது ட்ரிபிள் நெகட்டிவ். அதன் சிகிச்சை வேறு, போக்கும் கடுமை. எம்.ஆர்.ஐ.யில் அது விளிம்பு வளையமாக ஒளிர்வது அதிகம் என்று கதிரியக்கப் பாடங்களிலேயே இருக்கிறது. அப்படியென்றால் டெக்ஸ்சரில் தெரிய வேண்டும். ட்ரிபிள் நெகட்டிவ் 30 பேர், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத 30 பேர் என்று எடுத்துக்கொண்டேன். 60 என்பது சின்ன எண்தான். என் இரவுகளுக்கு அவ்வளவுதான் தாங்கும்.

டியூக் தொகுப்பில் கட்டியைச் சுற்றிப் பெட்டி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கட்டியின் எல்லைக் கோடு இல்லை. எல்லையை நானே வரைய வேண்டும். த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில், வெளிச்ச அளவை வைத்து முதலில் பிரித்து, ஒட்டிக்கொண்ட ரத்தக் குழாயைக் கையால் வெட்டி, ஸ்லைஸ் ஸ்லைஸாகத் திருத்தினேன். முதல் கட்டிக்கு 40 நிமிடம், கடைசியில் 10 நிமிடம். ஆடி, ஆவணி இதிலேயே போனது. குறுவை நட்டுக் களை எடுத்து முடியும் வரை நான் மவுஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பூஜ்யம்

எண்களை எடுக்கப் பைரேடியோமிக்ஸ் என்ற பைத்தான் நூலகம். 2017-இல் வந்தது. டெக்ஸ்சருக்கு மட்டும் 75 அளவு தருகிறது: ஜி.எல்.சி.எம். 24, ஒரே சாயல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கும் ரன் லெங்த் 16, திட்டின் பரப்பைப் பார்க்கும் சைஸ் சோன் 16, இன்னும் இரண்டு குடும்பம்.

முதல் ஓட்டத்தில் 60 பேருக்கும் என்ட்ரோபி, அதாவது சாயல்கள் எவ்வளவு கலைந்து கிடக்கின்றன என்ற அளவு, ஒரே எண்: மைனஸ் 3.2 பெருக்கல் பத்தின் மைனஸ் 16 அடுக்கு, கிட்டத்தட்டப் பூஜ்யம். கான்ட்ராஸ்ட் பூஜ்யம். நிரல் உடைந்துவிட்டது என்று இரண்டு இரவு தேடினேன். உடையவில்லை. சாயல்களைப் படிகளாகப் பிரிக்க வேண்டும், ஒரு படியின் அகலம் தானாக 25 என்று வைத்திருக்கிறது. நான் படத்தைச் சீர்ப்படுத்தும் தேர்வைப் போட்டிருந்தேன். போட்டதும் சராசரி பூஜ்யம், விரவல் 1 என்று எல்லா எண்ணும் சுருங்கிவிட்டன. கட்டி வெளிச்சமான இடம், அங்கே சாயல்கள் பூஜ்யத்துக்கு மேல் சில எண்களுக்குள்ளேயே நிற்கும், அவற்றை 25 அகலப் படியில் போட்டால் எல்லாம் ஒரே படியில்தான் விழும். ஒரே படி என்றால் ஏற்ற இறக்கம் எங்கே? அந்த விசித்திர எண், லாகரிதத்துக்குள் பூஜ்யம் போய்விடாமல் இருக்க நிரலில் சேர்த்த மிகச் சிறு எண்ணின் எச்சம். இதே எண் உங்கள் திரையில் வந்தால் நிரலைத் தேடாதீர்கள், படியின் அகலத்தைப் பாருங்கள். சீர்ப்படுத்தினால் கூடவே 100-ஆல் பெருக்கச் சொல்லும் அமைப்பையும் போட வேண்டும்.

ஆனால் அந்தச் சீர்ப்படுத்தலிலேயே எனக்கு மனம் ஒப்பவில்லை. சி.டி. ஸ்கேனில் தண்ணீர் என்றால் எந்த ஊர் மிஷினிலும் 0. எம்.ஆர்.ஐ.யில் அப்படி ஒரு நிலையான அளவுகோல் கிடையாது. ஒரே திசு இங்கே 300, அங்கே 1,100 என்று வரும். முழுப் படத்தின் சராசரியை வைத்துச் சீர் செய்தால், படத்தில் காற்று எவ்வளவு, இதயம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதெல்லாம் கட்டியின் எண்ணுக்குள் நுழைகிறது. காயிலுக்குப் பக்கத்தில் இருப்பது கூடுதல் வெளிச்சமாகத் தெரிவது வேறு. அப்பாவின் தறியில் டியூப்லைட் செய்த அதே வேலை.

வேலையில் தினம் பார்க்கும் ஒன்றிலிருந்து வழி கிடைத்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஆள், ஒரே படுக்கை, ஒரே காயில், மிஷினின் பெருக்க அளவும் மாறாது. எனவே பிந்திய படத்திலிருந்து முந்தியதைக் கழித்து, முந்தியதாலேயே வகுத்து, நூற்றுக்கு எத்தனை ஏறியது என்று ஒரு படம் செய்துகொண்டால், காயில் தந்த கூடுதல் வெளிச்சம் மேலும் கீழும் இருந்து அடிபட்டுப் போகிறது. எண்ணுக்கும் அர்த்தம் வருகிறது: இந்த இடம் 150 சதவீதம் ஏறியது, பக்கத்து இடம் 90. படி அகலம் 10 சதவீதம் என்று வைத்தேன். பெரும்பாலான கட்டியில் 20, 30 படி கிடைத்தது. முந்திய படத்தில் மிகக் கறுப்பாக இருக்கும் இடத்தில், கொழுப்பை அமுக்கிய பகுதியில், வகுக்கும்போது எண் வெடிக்கும். அந்த இடங்களை வெட்டினேன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நோயாளி இரண்டு மில்லிமீட்டர் அசைந்திருந்தால்கூடக் கழித்த படத்தில் கட்டியின் ஒரு பக்கம் பொய் வெளிச்சம், மறுபக்கம் பொய்க் கறுப்பு. தோல் கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், கழித்த படத்தில் அது வெள்ளி இழை போல மின்னும். 5 பேரை அப்படி நீக்கி வேறு 5 பேரை எடுத்தேன். இந்தத் திருத்தம் எனக்கு எளிதாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "அசையாதீங்கம்மா, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று 11 வருடம் சொன்னவளுக்கு அந்த வெள்ளி இழை எதனால் வருகிறது என்று தெரியும். அசைந்தவர்கள் மேல் தப்பு இல்லை. குப்புறப் படுத்து, மார்பெலும்பு அழுந்த, பயத்தோடு எட்டு நிமிடம் கிடப்பது லேசல்ல.

சந்தோஷப்பட்ட ஒரு வாரம்

ஐப்பசியில் அடைமழை. தெருவில் தண்ணீர். உள்ளே என் லேப்டாப்பில் அருமையான முடிவு. ஏ.யூ.சி. என்ற அளவு 0.5 என்றால் பூவா தலையா போட்டது போல, 1 என்றால் முழுசாகப் பிரித்தது. என் 75 அளவில் ஒன்று 1-இன் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. ரன் லெங்த் நான்-யூனிஃபார்மிட்டி. ட்ரிபிள் நெகட்டிவ் எல்லாம் மேலே, மற்றவை கீழே.

எங்கள் சென்டருக்கு வாரத்துக்கு மூன்று நாள் வரும் ரேடியாலஜி டாக்டர் மேடத்திடம் காட்டினேன். அவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. கட்டியோட சைஸ வச்சு இதே படம் போட்டியா?"

போடவில்லை. அன்று இரவு போட்டேன். கட்டியின் கன அளவு ஒரு அச்சில், என் அருமையான எண் இன்னொரு அச்சில். புள்ளிகள் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நின்றன. அந்த அளவின் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ரகசியமே இல்லை: ஓட்டங்களின் (ஒரே சாயல் தொடரும் துண்டுகளின்) எண்ணிக்கையால் ஒரு முறைதான் வகுக்கிறது. கட்டி பெரிதானால் ஓட்டம் கூடும், எண்ணும் கூடவே வளரும். நான் எடுத்த 60 பேரில் ட்ரிபிள் நெகட்டிவ் கட்டிகள் பெரியவை. நான் நெசவை அளக்கவில்லை. துணி எத்தனை கெஜம் என்று அளந்திருக்கிறேன். அதற்கு ஒரு ஸ்கேல் போதும்.

அந்த இரவு கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்த ஏழு மாதத்தில் நான் கற்றதில் பெரியது அந்தக் கேள்விதான். டெக்ஸ்சர் என்று வரும் எந்த எண்ணைப் பார்த்தாலும் இப்போது முதலில் கேட்கிறேன்: இது வேறு எதையாவது அளந்துவிட்டு டெக்ஸ்சர் என்று சொல்கிறதா?

கன அளவோடு ஒட்டிப்போகும் அளவுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். சீர்ப்படுத்திய வடிவம் இருப்பவற்றுக்கு அதை வைத்தேன். சின்னக் கட்டிகளையும் விட வேண்டியிருந்தது, அதற்குக் கணக்கு இது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கன அளவு 268 கன மில்லிமீட்டர். வோக்சல் என்பது படத்தின் ஒரு முப்பரிமாணப் புள்ளி. ஒரு மில்லிமீட்டர் வோக்சலில் 268 புள்ளி. சாயலை 32 படியாகப் பிரித்தால் ஜி.எல்.சி.எம். பட்டியலில் 1,024 கட்டம். 268 புள்ளியை வைத்து 1,024 கட்டத்தை நிரப்பினால் பெரும்பாலும் காலிக் கட்டம்தான், மிச்சம் தற்செயல். 20 மில்லிமீட்டர் கட்டியில் 4,000-க்கு மேல் புள்ளி, அங்கே பேச்சுக்கு இடம் உண்டு. சித்தியின் 14 மில்லிமீட்டர் நடுவில் நிற்கிறது, 1,400 சொச்சம்.

கரையும் வளையமும்

அடுத்தது என் கை. 15 கட்டிகளை நாலு வாரம் கழித்து, பழைய கோட்டைப் பார்க்காமல் திரும்ப வரைந்தேன். மேடம் 10 வரைந்து கொடுத்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்று போனது, நன்றிக்கு அளவில்லை. ஒரே கட்டிக்கு இரண்டு கோடு, இரண்டு எண். எந்த அளவு இரண்டிலும் ஒத்துப்போகிறது என்று ஐ.சி.சி. கணக்கு போட்டு, 0.8-க்குக் கீழே வந்ததைத் தள்ளினேன். பாதிக்கு மேல் போய்விட்டன. என்ட்ரோபி குடும்பம் நிலைத்தது. கிளஸ்டர் ஷேட் போன்றவை கோடு கொஞ்சம் நகர்ந்தாலே ஆடின.

கோடு ஆடும்போது கெடுவது விளிம்பில். விளிம்பு வோக்சலில் பாதி கட்டி, பாதி கொழுப்பு. அப்பா துணியைச் சோதிக்கும்போது கரையோரத்தைத் தொட மாட்டார், அங்கே நெசவு எப்போதும் இறுகி இருக்கும், நடு உடலைத்தான் தொடுவார். அதையே செய்தேன். மாஸ்க்கை, அதாவது நான் வரைந்த எல்லைக்குள் வரும் பகுதியை, சுற்றிலும் ஒரு வோக்சல் உள்ளே தேய்த்தேன். எண்கள் அழகாக நிலைத்தன. நிலைத்த எண்களைப் பார்த்தால் இரண்டு வகைக்கும் வித்தியாசம் கரைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் விழித்துவிட்டுத்தான் புரிந்தது. ட்ரிபிள் நெகட்டிவ்வின் அடையாளமே விளிம்பு வளையம். நான் எந்தக் கரையைச் செதுக்கி எறிந்தேனோ அதில்தான் சேதி இருந்தது. தறியில் கரை என்பது தறியின் குணம். கட்டியில் கரை என்பது கட்டியின் குணம். உவமை அதுவரைதான் வரும். கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டேன்: முழு மாஸ்க்கில் ஒரு முறை, ஒரு வோக்சல் தேய்த்த மாஸ்க்கில் ஒரு முறை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனியாக ஒன்று. எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவதுதான். விளிம்பைச் சேர்த்தால் என்ட்ரோபி எவ்வளவு ஏறுகிறது என்று அது சொல்கிறது. டாக்டர் கண்ணால் பார்க்கும் வளையத்துக்கு அது மிகப் பக்கத்தில் நிற்கிறது.

மிஷினையும் சோதித்தேன். டியூக் தொகுப்பில் இரண்டு நிறுவனங்களின் கருவிகள், காந்த பலத்தில் 1.5 டெஸ்லாவும் 3 டெஸ்லாவும் கலந்து இருக்கின்றன. புற்று வகையை மறந்துவிட்டு, டெக்ஸ்சரை வைத்து எந்த மிஷின் என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று நிரலைக் கேட்டேன். சுலபமாகக் கண்டுபிடித்தது, புற்று வகையைவிட நன்றாக. சதவீதப் படம் செய்தும் மிஷினின் சாயம் முழுசாகப் போகவில்லை. ஸ்லைஸின் தடிமன், இரைச்சல், மருந்து ஏறிய எத்தனையாவது நொடியில் படம் என்பதெல்லாம் உள்ளே இருக்கிறது. அதனால் இரண்டு வகையிலும் மிஷின் விகிதம் ஒன்றாக வரும்படி ஆட்களை மாற்றி எடுத்தேன். திரும்ப 14 கட்டி வரைதல்.

இன்னொரு பொறியும் உண்டு. 75 அளவை வைத்துக்கொண்டு, நூற்றுக்கு 5 தற்செயலாக வரலாம் என்ற வழக்கமான கோட்டைப் போட்டால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் மூன்று நாலு அளவு 'பிரிக்கிறது' என்று வந்து நிற்கும். 60 பேரையும் பார்த்து நல்ல அளவைப் பொறுக்கிவிட்டு, பிறகு அதே 60 பேரைப் பாதியாக்கிச் சோதித்தால், விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியது போல. பொறுக்கும் வேலையும் ஒவ்வொரு முறையும், சோதனைக்கு ஒதுக்கியவர்களைத் தொடாமல், நிரல் கற்கும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். வகைப் பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஆயிரம் முறை ஓட்டியும் பார்த்தேன். குலுக்கியதிலேயே சில தடவை கண்ணைப் பறிக்கும் முடிவு வந்தது. ஐப்பசியில் நான் சந்தோஷப்பட்டது அந்த மாதிரியும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

மிஞ்சியது

எல்லாம் கழித்த பிறகு, முழு மாஸ்க்கின் சம் என்ட்ரோபியும் (என்ட்ரோபி குடும்பத்தில் ஒன்று) அந்த விளிம்பு வித்தியாசமும் மட்டும் கையில் நின்றன. ட்ரிபிள் நெகட்டிவ் பக்கம் இரண்டுமே கொஞ்சம் கூடுதல். பூவா தலையாவுக்கு மேல், சந்தேகமில்லை. ஒரு ஆளைக் காட்டி இவருக்கு இது என்று சொல்ல எந்த வகையிலும் போதாது. மேடம் கண்ணால் பார்த்து வளையம் உண்டு, இல்லை என்று எழுதியதையும் அதே 60 பேரில் வைத்துப் பார்த்தேன். என் எண் அவர் கண்ணை மிஞ்சவில்லை. ஆனால் வளையம் இருக்கிறதா இல்லையா என்று அவர் தயங்கிய 7 கட்டிகளில் என் எண்ணும் நடுவில்தான் நின்றது. அதில் எனக்கு ஒரு நிறைவு. அளந்தது அவர் பார்த்த அதே பொருளைத்தான்.

மார்கழியில் சித்திக்கு ஆறு மாத அல்ட்ராசவுண்ட். கட்டி அப்படியே இருக்கிறது, வளரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "என் சிடி உன்கிட்டதானே இருக்கு, அதப் போட்டுப் பாத்தியா? எவ்வளவு திட்டுன்னு வந்துச்சு?"

பார்க்கவில்லை என்றேன். போட்டால் ஒரு எண் வரும். அந்த எண்ணை எதன் பக்கத்தில் வைப்பது? டியூக் படங்கள் வேறு மிஷின், வேறு அமைப்பு. இங்கே எடுத்த படத்தின் 4.1 அங்கே எடுத்த 4.1 இல்லை. நாட்காட்டித் தாளில் போட்ட அந்த இரண்டு கட்டத்தை மட்டும் காட்டினேன். இரண்டாவது கட்டத்தின் மேல் விரல் வைத்து வரிசையாகப் படித்தாள். "இது மாதிரின்னா நெறய, அது மாதிரின்னா கொஞ்சம். அவ்வளவுதானே? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்டி."

அதற்கு முதலில் எங்கள் மிஷினின் சாயம் தெரிய வேண்டும். மாறாத டெக்ஸ்சர் உள்ள ஒன்றை அதற்குள் வைத்து எடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆராய்ச்சிக்காரர்கள் துளை அளவு வேறுபடும் நுரைப் பஞ்சை அதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மூன்று வகை ஸ்பான்ஜ் வாங்கி வைத்திருக்கிறேன்: பொடித் துளை, நடுத்தரம், பெரிய துளை. பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் மூட வேண்டும். குமிழ் இருந்தால் அதைச் சுற்றிப் படம் கறுத்துவிடும். இரண்டு டப்பா சரியாக வந்துவிட்டது. பெரிய துளை ஸ்பான்ஜ் மட்டும் மூன்று முறை செய்தும் ஓரத்தில் குமிழ் நிற்கிறது, இன்று கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். நோயாளி இல்லாத ஞாயிறு மதியம் மிஷினில் வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. முதல் வாரம் ஒரே டப்பாவை எடுத்து, வெளியே எடுத்துவிட்டு, திரும்ப வைத்து, மூன்று முறை.